வினாத்தாளின் ஏவற்சொற்கள்

வினாத்தாள் கைக்கு வந்தவுடன் நாம் பெரும்பாலும் நோக்குவது பொருட்பெயரையே. ஈற்றில் நிற்கும் வினைச்சொல்லை நோக்குவதில்லை. ‘கூறுக’, ‘விளக்குக’, ‘ஒப்பிடுக’, ‘ஆராய்க’ என்பன ககர ஈற்று வியங்கோள் வினைமுற்றுக்கள் என்று இலக்கணக் குறிப்பு எழுதத் தெரிந்த நாம், அவை ஏவுந் தொழிலைச் செய்யத் தவறுகின்றோம்.

சென்ற ஆண்டுத் தேர்வொன்றில், ‘கண்ணகி, மாதவி ஆகியோர் பண்புகளை ஒப்பிடுக’ என்னும் வினா எமக்கு வந்தது. இருவர் வரலாற்றையுந் தனித்தனியே நான்கு பக்கம் எழுதிக் களிப்புற்றோம். கிடைத்ததோ பாதியினுங் குறைந்த மதிப்பெண். ‘ஒப்பு எங்கே?’ என்று விடைத்தாளின் ஓரத்தில் எழுதியிருந்தது. கோவலன் பிரிவை இருவரும் எவ்வாறு ஆற்றினர் என, ஒரே அளவுகோல் கொண்டு ஒற்றுமையும் வேற்றுமையுங் காட்டியிருத்தல் வேண்டும்.

இனி, ‘கூறுக’ எனின் செய்தியளவில் அமைக. ‘விளக்குக’ எனின், நன்னூலார் காண்டிகையுரைக்கு வகுத்த கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை என்னும் ஐந்தும் நல்வழி காட்டும். ‘ஆராய்க’ எனின் இருபக்கச் சான்றுகளையுஞ் சீர்தூக்கி முடிபு கூறுதல் வேண்டும். ‘இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக’ என்பதில் ஏவல் இரண்டு. ‘சுட்டி’ என்பது எச்சமாயினும் அதற்கும் மதிப்பெண் உண்டு. ஆதலின், வினைச்சொல்லின்கீழ்க் கோடிட்ட பின்னரே எழுதத் தொடங்குவோமாக.

‘ஆடுவாயா?’ என்றார்க்குப் ‘பாடுவேன்’ என்பது இனமொழி விடை. நன்னூலார் எண்வகை விடையுள் அதனையுஞ் சேர்த்தார், தேர்வாளர் சேர்ப்பதில்லை.