பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கப் போகிறவர்களுக்கு

வேடசந்தூர்ப் பக்கம் பெண்பிள்ளைகளுக்கென்று ஓர் உயர்நிலைப்பள்ளி தொடங்க நீங்கள் கிளம்பியிருக்கிறீர்கள் என்று கேட்டதும் மனசு நிறைந்துவிட்டது. வயசு முழுக்க இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் பாடம் சொன்னவள் என்ற உரிமையில் சில விஷயங்கள் சொல்கிறேன்.

1. நிலம் பார்ப்பதற்கு முன்னால் வீடுகளைப் பாருங்கள். 2009இல் வந்த கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்கும்தான். எட்டாம் வகுப்போடு அதன் கை நின்றுவிடுகிறது. ஊரில் இருக்கும் நடுநிலைப்பள்ளியும் அங்கேயே முடிகிறது. ஒன்பதாவதுக்கு பஸ் ஏற வேண்டும் என்றதும் அண்ணனை அனுப்புவார்கள், தங்கச்சியை நிறுத்துவார்கள். எந்தத் தெருவில் யார் நின்றாள், எதற்காக நின்றாள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பள்ளி எங்கே வேண்டும் என்பது அதில் தெரிந்துவிடும். இனாமாக நிலம் தருகிறேன் என்று ஒருவர் சொன்னதற்காக ஊருக்கு ஒதுக்குப்புறமான கரட்டில் போய்க் கட்டாதீர்கள். ஊர்ப் பிள்ளையும் காலனிப் பிள்ளையும் ஒரே மாதிரி பயமில்லாமல் நடந்து வரக்கூடிய இடமாக இருக்க வேண்டும். இதில் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

2. இருக்கிற அரசு நடுநிலைப்பள்ளியைத் தரம் உயர்த்த முடியுமா என்று முதலில் முயலுங்கள். கிராம சபையில் தீர்மானம் போட்டு, பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் தாய்மார்களைக் கூட்டிக்கொண்டு முதன்மைக் கல்வி அலுவலரைப் பாருங்கள். அலைச்சல்தான், வருஷக் கணக்கில் இழுக்கவும் செய்யும். ஆனால் அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்குப் புத்தகம், பஸ் பாஸ், பதினொன்றாவதில் சைக்கிள் எல்லாம் கிடைக்கும். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்துக் கல்லூரிக்குப் போனால், 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். சுயநிதிப் பள்ளி தொடங்கினால் அந்த ஆயிரத்தை நீங்கள் அவள் கையிலிருந்து எடுத்த மாதிரி ஆகிவிடும். இதை நன்றாக யோசியுங்கள்.

3. சொந்தமாகத்தான் கட்ட வேண்டும் என்று ஆகிவிட்டால், கட்டட உறுதிச் சான்று, தாசில்தார் தரும் கட்டட உரிமம், சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று ஆகிய நான்கும் வேண்டும். அலுவலகத்துக்காக வாங்கும் காகிதம் என்று நினைக்காதீர்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் 94 பிள்ளைகள் தீயில் போனார்கள். கூரைக் கீற்றில் பிடித்த தீ. "கட்டடம் எழும்புகிற வரைக்கும் ஒரு கொட்டகை போட்டுக்கலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

4. வகுப்பறை கட்டுவதற்கு முன்னால் கழிப்பறையைக் கட்டுங்கள். காலையில் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, சாயங்காலம் வீடு திரும்பும்வரை தொண்டையை நனைக்காத பிள்ளைகளை நான் வகுப்பு வகுப்பாகப் பார்த்திருக்கிறேன். குடித்தால் ஒதுங்க இடமில்லை. மயக்கம், நீர்க்கடுப்பு, தலைவலி. அதற்கப்புறம் மாதத்தில் மூன்று நாலு நாள் லீவு. பாடம் விட்டுப்போகும், பரீட்சையில் மார்க் குறையும். உடனே வீட்டில் "உனக்குப் படிப்பு ஏறலை" என்பார்கள். 25 பெண்களுக்கு ஒரு கழிப்பறை என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு, அதில் குறைக்காதீர்கள். உள்பக்கம் தாழ்ப்பாள், துணி மாட்ட ஆணி, பக்கெட், நாப்கின் போட மூடி வைத்த கூடை எல்லாம் இருக்க வேண்டும். நம் பக்கத்து போர்வெல் சித்திரையில் கையை விரித்துவிடும். அதனால் பெரிய தொட்டியாகக் கட்டி, லாரித் தண்ணீருக்கு வருஷா வருஷம் பணம் ஒதுக்குங்கள். சுத்தம் செய்கிறவருக்குச் சம்பளம் ஒதுக்காமல் கட்டினால், ஆறு மாதத்தில் பூட்டுத் தொங்கும். பிள்ளைகளைக் கழுவச் சொல்லவே கூடாது.

5. உங்களோடு போட்டி போடப் போவது வேறு பள்ளி இல்லை, மில் வேன். திருப்பூர், கோவை, திண்டுக்கல் நூற்பாலைகளுக்கு ஆள் பிடிக்கும் புரோக்கர் மே மாதத்திலேயே வந்துவிடுவார். ஹாஸ்டலில் தங்கி மூன்று வருஷம் வேலை பார்த்தால் கடைசியில் மொத்தமாக ஒரு தொகை, கல்யாணத்துக்கு ஆகும் என்பார். சுமங்கலித் திட்டம் என்று பேர் வைத்துக் கூட்டிப்போனது இப்படித்தான். பாதியில் உடம்பு முடியாமல் திரும்பியவளுக்கு அந்தத் தொகை கிடைக்காமல் போனதும் உண்டு. மகளை அனுப்பிவைக்கும் தகப்பனைத் திட்டாதீர்கள். கடன் கழுத்தில் நிற்கிறது. புரோக்கருக்கு முன்னால் நீங்கள் அந்த வீட்டுக்குப் போய்விடுங்கள். ஏப்ரலிலேயே போங்கள். பேச்சுத் துணைக்கு, அந்த ஊரிலேயே படித்து நர்ஸாகவோ டீச்சராகவோ ஆன பெண்ணைக் கூட்டிப்போங்கள்.

6. டவுன் பஸ் நேரத்தைப் பார்த்துப் பள்ளி மணியை வையுங்கள். கார்த்திகை, மார்கழியில் சீக்கிரம் இருட்டிவிடும். ஸ்பெஷல் கிளாஸ் வேண்டுமானால் காலையில் வையுங்கள்.

7. கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆசிரியர் கிடைக்காமல் திறக்காதீர்கள். பெண்பிள்ளை பள்ளிதானே, தையல் சொல்லிக்கொடுத்தால் போதும் என்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். 1947இல் சின்னாளபட்டிப் பக்கம் காந்திகிராமத்தைத் தொடங்கிய சௌந்தரம் அம்மா ஒரு டாக்டர். இதே மாவட்டம்தான்.

8. எடுத்ததும் பத்தாம் வகுப்பு வைக்காதீர்கள். ஒன்பதாவதை ஒழுங்காக நடத்தி, அதே பிள்ளைகளைப் பத்துக்குக் கொண்டுபோங்கள். திறப்பு விழாப் பணத்தில் லேப் சாமான் வாங்குங்கள்.

9. ஒரு பிள்ளை சேர்ந்தாற்போல் மூன்று நாள் வரவில்லை என்றால் அன்று சாயங்காலமே வகுப்பாசிரியை வீட்டுக்குப் போக வேண்டும். கல்யாணப் பேச்சு நடக்கிறது என்று தெரிந்தால், பிள்ளை பேர் வெளியே வராமல் குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லுங்கள். அப்பா மட்டும் வந்து டி.சி. கேட்டால், அம்மாவையும் பிள்ளையையும் கூட்டிவரச் சொல்லி, உட்காரவைத்து, பிள்ளையிடம் முதலில் கேளுங்கள்.