லேப்டாப்பா, சர்வரா? ஹைப்பர்வைசர் தேர்ந்தெடுப்பது எப்படி

ப்ராஜெக்ட் சீசன் வந்தாச்சு. "ஒரே மெஷின்ல ரெண்டு மூணு லினக்ஸ் ஓட்டணும், எதை இன்ஸ்டால் பண்றது?" என்று ஜூனியர்கள் கேட்கிறார்கள். பதிலுக்கு நான் கேட்பது ஒன்றுதான்: அந்த மெஷினில் நீங்களும் உட்கார்ந்து வேலை பார்ப்பீர்களா, இல்லை அது விஎம்-களை மட்டும் ஓட்டுமா?

நீங்களும் உட்காருவீர்கள் என்றால் டைப் 2. விண்டோஸ் மேல் சாதாரண ஆப் மாதிரி ஓடும். விர்ச்சுவல்பாக்ஸ் இருக்கிறது, விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோவும் 2024 நவம்பரில் எல்லோருக்கும் இலவசமாகிவிட்டது. இது மாடி போர்ஷனில் குடியிருப்பது மாதிரி. கீழே ஹவுஸ் ஓனர் மோட்டாரை நிறுத்தினால் நமக்கும் தண்ணீர் வராது. விண்டோஸ் ரீஸ்டார்ட் ஆனால் விஎம்-களும் படுத்துவிடும். ஆனால் வைஃபை, ஸ்கிரீன் டிரைவர் பற்றிக் கவலையே வேண்டாம், விண்டோஸ் பார்த்துக்கொள்ளும்.

டைப் 1 நேராக ஹார்டுவேர் மேல் உட்காரும். அம்பத்தூரில் 2023-ல் என்டிடி திறந்தது போன்ற டேட்டா சென்டர்களுக்குள் போகும் சர்வர்களுக்குப் பொதுவாக இந்த வகைதான். விஎம்வேரின் இஎஸ்எக்ஸ்ஐ, ப்ராக்ஸ்மாக்ஸ் இரண்டும் இதில் வரும். ஜாக்கிரதை: இன்ஸ்டால் செய்யும் டிஸ்கை முழுசா அழித்துவிடும். உங்களிடம் இருக்கும் ஒரே லேப்டாப்பில் போட்டால் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டும் சேர்ந்தே போகும்!

ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய டெஸ்க்டாப் வாங்கி லேப் போடும் ஐடியாவா? அதன் நெட்வொர்க் சிப் எது என்று முதலில் பாருங்கள். டெஸ்க்டாப் போர்டுகளில் பெரும்பாலும் ரியல்டெக்தான். இஎஸ்எக்ஸ்ஐ சர்வர் ஹார்டுவேருக்காக எழுதப்பட்டது. ரியல்டெக் டிரைவர் அதோடு வராது. 2020-ல் வந்த 7.0 பதிப்பிலிருந்து பழைய லினக்ஸ் டிரைவர்களைச் சேர்க்கும் குறுக்கு வழியும் மூடிவிட்டது. நெட்வொர்க் கார்டு தெரியவில்லை என்றால் இன்ஸ்டாலேஷன் அங்கேயே நின்றுவிடும். ப்ராக்ஸ்மாக்ஸ் டெபியன் லினக்ஸ் மேல் கட்டப்பட்டது, 2007-ல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்த கேவிஎம்-ஐப் பயன்படுத்துகிறது. அதனால் லினக்ஸுக்குத் தெரிந்த ஹார்டுவேர் அதற்கும் தெரியும். பழைய டெஸ்க்டாப்புக்கு அதுவே சரி.

எதைப் போட்டாலும் இரண்டு விஷயம். ஒன்று, டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தில் 'விர்ச்சுவலைசேஷன்: எனேபிள்ட்' என்று இருக்க வேண்டும், இல்லையென்றால் பயோஸில் ஆன் செய்யுங்கள். இரண்டு, ரேம் கணக்கு. 8 ஜிபி லேப்டாப்பில் பாதியை விண்டோஸுக்கே விட்டுவிடுங்கள். விஎம்-க்கு உபுண்டு டெஸ்க்டாப் வேண்டாம், உபுண்டு சர்வர் போடுங்கள். 2 ஜிபி போதும்.

வைவா அன்னைக்கு ஹேங் ஆகி நிற்காம இருக்க, இந்தக் கணக்கை இன்னைக்கே போட்டுப் பாருங்க!