ஃப்ளைவீலைக் குறைக்கலாமா? கியர்பாக்ஸை இறக்கும் முன் போட வேண்டிய கணக்கு

கிணற்றடியில் பழைய ஆயில் எஞ்சின் ஓடிப் பார்த்தவர்களுக்கு ஃப்ளைவீல் பற்றிப் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஹேண்டிலைப் போட்டுச் சுற்றும்போது அந்த இரும்புச் சக்கரம் முதலில் அசைய மறுக்கும். வேகம் பிடித்துவிட்டால் கையை எடுத்த பிறகும் நிற்காது. ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிதான். மற்ற நேரமெல்லாம் எஞ்சினை இழுத்துக்கொண்டு போவது அந்தச் சக்கரம். புல்லட்டின் நிதானமான ‘டுக் டுக்’ ஐடிலிங்குக்கும் உள்ளே சுற்றும் கனமே காரணம். காரில் அதே சக்கரம் கிராங்க் ஷாஃப்டின் முனையில், கிளட்ச்சுக்கு முதுகாக உட்கார்ந்திருக்கிறது.

அதைக் கடைந்து எடை குறைத்தால், அல்லது எடை குறைந்த புதியதைப் போட்டால், கார் சீறும் என்று சொல்பவர்கள் உண்டு. பாதி உண்மை. உங்கள் காருக்கு எந்தப் பாதி பொருந்தும் என்று கண்டுபிடிக்கத்தான் இந்த வழிமுறை.

முதல் படி: என்ன வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ‘பவர் கூட வேண்டும்’ என்று எழுதினால் இங்கேயே நின்றுவிடலாம். ஃப்ளைவீலைக் குறைப்பதால் குதிரைத்திறன் ஒரு துளியும் கூடாது. ‘மைலேஜ் கூட வேண்டும்’ என்று எழுதினாலும் அதே பதில்தான். நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் போகும்போது ஃப்ளைவீலின் எடைக்கு வேலையே இல்லை. எஞ்சின் வேகம் மாறும் நேரத்தில் மட்டுமே அது குறுக்கே நிற்கிறது, அல்லது கைகொடுக்கிறது. ‘ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் ரெவ் ஏற வேண்டும், கியர் இறக்கும்போது எஞ்சின் சட்டென்று ஒத்துப்போக வேண்டும்’ என்று எழுதியவர்கள் மட்டும் மேலே படியுங்கள்.

இரண்டாம் படி: கணக்கு. பலரும் இதைத் தவிர்த்துவிட்டு நண்பர் சொன்னதை நம்பிப் போகிறார்கள், ஆனால் முடிவைத் தீர்மானிப்பதே இதுதான். எடை குறைத்த இடம் மையத்திலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று பாருங்கள். அதைக் கியர் விகிதத்தாலும் ஃபைனல் டிரைவ் விகிதத்தாலும் பெருக்கி, டயரின் ஆரத்தால் வகுங்கள். வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, குறைத்த எடையாலும் பெருக்குங்கள். காரிலிருந்து எத்தனை கிலோவை இறக்கியதற்குச் சமம் என்பது விடையாக வரும்.

ஒரு சிறிய ஹேட்ச்பேக்கை எடுத்துக்கொள்வோம். முதல் கியர் 3.5, ஃபைனல் டிரைவ் 4.1, டயர் ஆரம் 28 செ.மீ. ஃப்ளைவீலில் 11 செ.மீ. ஆரத்தில் 3 கிலோவைக் குறைக்கிறோம். முதல் கியரில் அது ஏறத்தாழ 95 கிலோ இறக்கியதற்குச் சமம். பின்சீட்டில் இருந்த ஒரு கனமான ஆள் பெட்டியோடு இறங்கிப் போனதுபோல. 1.9 விகிதமுள்ள இரண்டாம் கியரில் அது 28 கிலோ. 1.28 உள்ள மூன்றாம் கியரில் 13. ஐந்தாம் கியரில் நாலரை கிலோகூடத் தேறாது.

இந்த எண்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். லாபமெல்லாம் முதல் கியரில் கொட்டிக் கிடக்கிறது. முதல் கியரில் நீங்கள் இருப்பதோ இரண்டு மூன்று வினாடி. ஓவர்டேக் செய்யும் நான்காம், ஐந்தாம் கியரில் கையில் நிற்பது சில கிலோதான். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு எண்: டயரின் ஓரத்தில் குறைத்த ஒரு கிலோ, எல்லாக் கியரிலும் சுமார் இரண்டு கிலோவுக்குச் சமம். அதனால் கனமான இரும்பு ரிம்மோடு ஓடும் காரில் முதல் செலவு எடை குறைந்த நல்ல அலாய் வீலுக்குப் போவது புத்திசாலித்தனம் என்பது என் கட்சி. பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் எல்லாவற்றுக்கும் அது சேர்த்து நன்மை செய்யும். எல்லா அலாயும் இரும்பைவிட லேசு என்று எண்ண வேண்டாம். தராசில் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

மூன்றாம் படி: கார் எப்படிப்பட்டது? டீசல் என்றால் விட்டுவிடுங்கள். அழுத்தம் அதிகம், ஒவ்வொரு வெடியும் சம்மட்டி அடி மாதிரி. அதைத் தாங்கிச் சமன் செய்ய அந்தக் கனம் வேண்டும். மூன்று சிலிண்டர் பெட்ரோல் கார்களிலும் தயங்குவேன். நான்கு சிலிண்டரில் 180 டிகிரிக்கு ஒரு வெடி. மூன்றில் 240 டிகிரிக்கு ஒன்று. இடைவெளி நீளும் அளவுக்கு ஐடிலிங்கில் உதறல் தெரியும்.

உங்கள் காரில் டூயல் மாஸ் ஃப்ளைவீல் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இரண்டு தட்டுகள், நடுவே ஸ்பிரிங்குகள். எஞ்சினின் அதிர்வு கியர்பாக்ஸுக்குப் போகாமல் தடுப்பதே அதன் வேலை. அதைக் கழற்றிவிட்டு ஒற்றைத் தட்டு லேசான ஃப்ளைவீலைப் போட்டால், நியூட்ரலில் நிற்கும்போது கியர்பாக்ஸுக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற சத்தம் கேட்கும். வண்டி ஓடும், ஆனால் வீட்டில் உள்ளவர்கள் ஏற மாட்டார்கள்.

இன்னொரு சிக்கல் எலெக்ட்ரானிக்ஸில். சில எஞ்சின்களில் கிராங்க் சென்சார் படிக்கும் பற்கள் ஃப்ளைவீலிலேயே வெட்டப்பட்டிருக்கும். வாங்கும் ஃப்ளைவீலில் அதே பற்கள் அதே இடத்தில் இல்லையென்றால் எஞ்சின் ஸ்டார்ட்டே ஆகாது. பற்கள் சரியாக இருந்தாலும், சக்கரம் லேசானதும் ஒவ்வொரு வெடிக்கும் கிராங்க்கின் வேகம் கூடுதலாக ஏறி இறங்கும். இசியு அதை மிஸ்ஃபயர் என்று எண்ணி செக் எஞ்சின் விளக்கைப் போடலாம். பழைய கார்பரேட்டர் வண்டிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. பதிலாக ஐடில் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும்.

நான்காம் படி: ஒரு வாரம் உங்கள் காலைக் கவனியுங்கள். வீட்டிலிருந்து வேலைக்குப் போய் வரும் வழியில் எத்தனை முறை நின்று கிளம்புகிறீர்கள்? கத்திப்பாராவிலோ காந்திபுரத்திலோ ஏசியைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து போகிறவருக்குக் கனமான ஃப்ளைவீல் ஒரு வரம். கிளட்ச்சை விடும்போது அதில் சேர்ந்திருக்கும் சுழற்சிதான் காரை அசைத்துக் கொடுக்கிறது. அது குறைந்தால் வண்டி அடிக்கடி ஆஃப் ஆகும், அல்லது ரெவ்வை ஏற்றிக் கிளட்ச்சைத் தேய்த்தபடி கிளம்ப வேண்டியிருக்கும். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில், எதிரே பஸ் வந்து நீங்கள் ஏற்றத்தில் நின்றுவிட்டதாக எண்ணிப் பாருங்கள். கிளம்பும்போது கை ஹேண்ட்பிரேக்கைத் தேடும்.

அதே மலைப்பாதையில் காலியான அதிகாலையில், மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கிக்கொண்டே வளைவுக்குள் நுழையும்போது லேசான ஃப்ளைவீல் எவ்வளவு இனிமை என்பதையும் மறைக்கக் கூடாது. சின்னத் தொடுதலுக்கு ரெவ் எழும், கியர் வெண்ணெயாக விழும். இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலோ, ஃபார்முலா மாருதி கார்களைக் கட்டிய கரிவரதன் பெயரில் செட்டிபாளையத்தில் இருக்கும் டிராக்கிலோ அடிக்கடி ஓட்டுகிறவர் என்றால் உங்கள் பதில் ‘ஆம்’ பக்கம் சாயலாம். போட்டியில் இறங்குபவர்கள் முதலில் தங்கள் பிரிவின் விதிப் புத்தகத்தைப் படியுங்கள். ஸ்டாக் பிரிவுகளில் இதைத் தொடவே விட மாட்டார்கள்.

ஐந்தாம் படி: ஏற்கெனவே மாற்றியவர் ஒருவரின் காரை நெரிசல் நேரத்தில் ஓட்டிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பைபாஸில் ஓட்டுவது செல்லாது.

இத்தனைக்குப் பிறகும் ‘ஆம்’ என்றால், கடைசலா, புதியதா என்ற கேள்வி வரும். லேத்தில் கொடுத்துக் கடைவது மலிவு. ஆபத்தும் அங்கேதான். 27 செ.மீ. விட்டமுள்ள ஃப்ளைவீல் 7,000 ஆர்பிஎம்மில் சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு 350 கி.மீ.க்கு மேல் பறக்கிறது. வார்ப்பிரும்பு இழுவிசையைத் தாங்குவதில் பலவீனமானது. தப்பான இடத்தில் கடைந்து மெலிந்துபோன வார்ப்பிரும்புச் சக்கரம் வெடித்தால் பெல் ஹவுசிங்கையும் கிழித்துக்கொண்டு வரும். பக்கத்தில் இருப்பது உங்கள் கால். ஆகவே ரெட்லைன் வரை விரட்டும் டிராக் காருக்குக் கடைந்த வார்ப்பிரும்பு வேண்டாம். அதற்கென்றே ஸ்டீலில் செய்த, எஸ்எஃப்ஐ 1.1 முத்திரை உள்ள ஃப்ளைவீலை வாங்குங்கள். அலுமினியம் இன்னும் லேசு. கிளட்ச் உரசும் முகத்தில் ஸ்டீல் வளையம் பதித்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாலைக் காருக்குக் கடைவதாக இருந்தால், மொத்த எடையில் கால் பங்குக்கு மேல் தொடாதீர்கள். எஞ்சினைப் பார்க்கும் பின்முகத்தில், விளிம்பை ஒட்டி மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். கிராங்க் போல்ட் துளைகளைச் சுற்றியும், கிளட்ச் உரசும் முகத்திலும், ரிங் கியர் உட்காரும் இடத்திலும் கை வைக்கக் கூடாது. கடையும் முன்பும் பின்பும் சாயம் பூசி விரிசல் பார்க்கும் சோதனை செய்யுங்கள். பிரஷர் பிளேட்டோடு சேர்த்து மாட்டி பேலன்சிங் செய்யாமல் காரில் ஏற்றவே கூடாது. என் பழைய ஹேட்ச்பேக்கில் நான் இந்த ஒன்றைத்தான் மிச்சம் பிடித்தேன். 4,000 ஆர்பிஎம்மைத் தாண்டினால் டேஷ்போர்டு முழுக்கப் பாடியது. கியர்பாக்ஸை மறுபடி இறக்க வேண்டியதாயிற்று; முதலில் கொடுத்த கூலியையே இரண்டாம் முறையும் கொடுத்தேன்.

மாட்டும்போது ஃப்ளைவீல் போல்ட்டுகள் புதியவையாக இருக்கட்டும். டார்க் ரெஞ்ச் வைத்து, மேனுவலில் உள்ள அளவுக்கு, எதிரெதிராக முடுக்க வேண்டும். கிராங்க்கின் பின் ஆயில் சீல், ரிலீஸ் பேரிங், கிளட்ச் பிளேட் மூன்றையும் அதே மூச்சில் மாற்றிவிடுங்கள். பிறகு முதல் 500 கி.மீ. வரை கிளட்ச்சை மென்மையாக விடுங்கள். ஐடிலிங் நிற்கவில்லை என்றால் 50 முதல் 100 ஆர்பிஎம் ஏற்றி வைக்கலாம்.

செலவில் பெரும்பங்கு கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலிக்கே போகும். கிளட்ச் மாற்றும் நாள் வந்தால் அந்தக் கூலியை எப்படியும் கொடுக்கத்தான் போகிறீர்கள். அதனால் கிளட்ச் நன்றாக இருக்கும் காரில் ஃப்ளைவீலுக்காக மட்டும் கியர்பாக்ஸை இறக்காதீர்கள். கிளட்ச் வழுக்கத் தொடங்கும் நாளில் இந்தக் கணக்கை மறுபடி போடுங்கள். அன்றைக்கும் உங்கள் வழி நெரிசல் வழியாகவே இருந்தால், கழற்றிய ஃப்ளைவீலின் முகத்தை மட்டும் லேசாகத் தேய்த்து அப்படியே மாட்டச் சொல்லிவிடுங்கள்.