மஞ்சள் விளக்கும் பி0171 என்னும் இலக்கமும்

கனடாவில் நம்மிற் பலர் ஓடுவது பத்துப் பன்னிரண்டு வருடம் பழகிய கார்களே. இரவு வேலைக்கும், பிள்ளைகளின் வகுப்புக்கும், வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் அதுவே துணை. திடீரென ஒருநாள் ‘செக் எஞ்சின்’ விளக்கு எரிகிறது. கராஜில் கருவியைச் செருகிப் பார்த்து ‘பி0171’ என்கிறார்கள். ஒட்சிசன் சென்சரை மாற்ற வேண்டும் என்று சில நூறு டொலருக்கு ஒரு மதிப்பீடும் கைக்கு வருகிறது. பணத்தைக் கொடுக்குமுன் இந்த இலக்கம் சொல்வது என்ன என்று நாம் விளங்கிக்கொள்வது நன்று.

அமெரிக்காவில் 1996 முதலும் கனடாவில் 1998 முதலும் வந்த கார்கள் எல்லாவற்றுக்கும் இந்த இலக்கங்கள் பொதுவானவை. பி0171 என்றால், எரியும் கலவையில் வளி கூட, பெற்றோல் குறைவு என்று பொருள். வீ வடிவ எஞ்சினில் மறுபக்கத்துக்கு பி0174 என்று வரும்.

பெற்றோல் சரியாக எரிவதற்கு, நிறைப்படி ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு வளி வேண்டும். உள்ளே வரும் வளியை ஒரு சென்சர் அளக்க, அதற்கேற்பக் காரின் கம்பியூட்டர் பெற்றோல் விடுகிறது. புகைக்குழாயிலுள்ள ஒட்சிசன் சென்சர், எரிந்தபின் மிஞ்சியதைப் பார்த்து அறிவிக்கிறது. ஒட்சிசன் மிஞ்சினால் கம்பியூட்டர் பெற்றோலைக் கூட்டும். இந்தத் திருத்தத்துக்கு ‘ஃபியூவல் ட்ரிம்’ என்று பெயர். பொதுவாக இது 10 வீதத்துக்குள் ஏறி இறங்கும். 20, 25 வீதம் கூட்டியும் போதாதபோதே விளக்கு எரிகிறது.

கணக்கியல் மொழியிற் சொன்னால், பரீட்சை மீதி பொருந்தவில்லை என்பதே செய்தி. எந்தப் பதிவு பிழை என்று அது சொல்வதில்லை. ஒட்சிசன் சென்சர் இங்கே கணக்காய்வாளர். அவரே தவறுவதும் உண்டு. ஆனால் அது குறைவு. அவரை மாற்றுவதால் கணக்கு நேராகிவிடாது.

பிழை பெரும்பாலும் மூன்று இடங்களில் இருக்கும். முதலாவது, அளக்கப்படாமல் உள்ளே நுழையும் வளி: வெடித்த றப்பர் குழாய், கழன்ற வக்கும் குழாய், பழுதான காஸ்கெற். குளிரில் றப்பர் இறுகிச் சுருங்குவதால் மாரியில் இது கூடத் தெரியும். இரண்டாவது, அழுக்கேறி வளியைக் குறைத்து அளக்கும் சென்சர். மூன்றாவது, பெற்றோல் போதாமை: தளர்ந்த பம்ப், அடைபட்ட பில்டர் அல்லது இன்ஜெக்டர். இவை தவிர, புகைக்குழாயில் சென்சருக்கு முன்னால் வெடிப்பிருந்தாலும் வெளிவளி புகுந்து அதை ஏமாற்றும்.

இவற்றைப் பிரித்தறிய எளிய வழியொன்று உண்டு. சில பத்து டொலருக்கு விற்கும் சிறிய கருவியிலேயே ட்ரிம் வீதத்தைப் பார்க்கலாம். எஞ்சின் சூடான பின், கார் நிற்கும்போது வீதம் உயர்ந்திருந்து, 2500 சுற்றுக்கு ஏற்றியதும் இறங்கினால் வளி கசிகிறது என்று ஐயுறலாம். நிற்கும்போது சரியாக இருந்து, வேகமும் சுமையும் கூடக்கூட ஏறினால், பெற்றோல் வரத்தையோ வளி சென்சரையோ பார்க்க வேண்டும்.

செலவு குறைந்ததிலிருந்து தொடங்குவோம். முதலில் பொனற்றைத் திறந்து குழாய்களைப் பார்ப்போம். அடுத்து, வளி சென்சரை அதற்கென விற்கும் ஸ்பிறேயால் மட்டும், உள்ளிருக்கும் கம்பியைத் தொடாமல் துடைப்போம். கசிவு தென்படாவிட்டால் கராஜில் புகைப் பரிசோதனை கேட்போம். சூடான எஞ்சினில் தீப்பற்றும் திரவங்களைத் தெளித்துக் கசிவு தேடுவது ஆபத்து.

இலக்கத்தை அழித்தால் விளக்கு அணையும், வருத்தம் மாறாது. சில நாளில் விளக்கு திரும்பவும் எரியும். அப்படியே மாதக்கணக்கில் ஓடினால், எஞ்சின் ஒழுங்காக எரியாமல் விலைகூடிய கற்றலிற்றிக் கொன்வேர்ட்டரும் கெடக்கூடும். விளக்கு விட்டுவிட்டு மின்னினால் ஓட்டத்தை நிறுத்துவதே புத்தி.

கராஜ்காரரும் நம்மைப்போல் உழைப்பவரே. ஆகவே சண்டை வேண்டாம். இரண்டு கேள்வி போதும். “ட்ரிம் எத்தனை வீதம்? கசிவு பார்த்தீர்களா?” இவற்றுக்கு மறுமொழி கிடைத்தபின் பணப்பையைத் திறப்போம்.