அருவிக்கரையிற் பூகோளம்

பூகோளமாவது நாம் வாழும் நிலத்தை நமக்கு அறிவிக்கும் நூல். ஆயினும், அதனைப் பயிலும் மாணாக்கருட் பலர் அயல்நாட்டு ஆறுகளை வரிசையாகக் கூறுவர்; தம் ஊர் ஆறு எங்குப் பிறந்து எங்குச் சேர்கின்றதென வினவின் வாளா இருப்பர். இக்குறை நீங்கும் வழியை, எம் ஊராகிய ஆய்க்குடியை வைத்து ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

ஆய்க்குடி, தென்காசிக்கு வடகிழக்கே அனுமன் நதிக்கரையில் உள்ளது. பாலசுப்பிரமணியர் கோயிலாற் பெயர்பெற்றது. யாம் பள்ளியிற் பயின்ற நாளில், காற்றை எதிர்கொள்ளும் மலைப்பக்கம் மிகுமழையும், மறைவுப்பக்கம் குறைமழையும் பெறும் என்னும் விதியை உரக்கக் கூறி நெட்டுருச் செய்தோம். அவ்வேளையில் ஆனிமாதச் சாரல் சன்னல் வழியே வந்து எம் ஏட்டை நனைத்தது. சன்னலைச் சாத்தினோம், சாரல் எங்கிருந்து வந்ததென ஒருவரும் வினவினோமல்லோம். பாடம் வாயிலில் வந்து நிற்க, யாம் கதவடைத்தோம்.

அவ்வினாவின் விடை அருமையுடையது. அரபிக்கடலினின்று எழும் தென்மேற்குப் பருவக்காற்று, தன் மழையிற் பெரும்பகுதியை மலைக்கு அப்பாற் கேரளத்திற் பெய்துவிடுகின்றது. எஞ்சிய ஈரம், ஆரியங்காவுக் கணவாய் வழியே காற்றோடு புகுந்து சாரலாகின்றது. ஆதலின், ஜூன் முதல் செப்டம்பர் வரை குற்றாலத்திற் பேரருவியும் ஐந்தருவியும் பெருக, சற்றுக் கிழக்கேயுள்ள ஊர்கள் குளிர்காற்றோடு அமைய வேண்டியிருக்கின்றது. அனுமன் நதி சிற்றாற்றோடு கலக்க, சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரவருணியை அடைகின்றது.

இவ்வருவிகளை நாடி மக்கள் திரள்திரளாக வருகின்றனர். அருகேயுள்ள சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயல்களைக் காணவும் பலர் வருகின்றனர். அவ்வூர் 1992 இல் வெளிவந்த 'ரோஜா' என்னும் திரைப்படத்தாலும் பெயர்பெற்றது. மலையும் காற்றும் மழையும் ஓர் ஊரின் கடைத்தெருவை எங்ஙனம் நடத்துகின்றன என்பதைக் காட்ட இதனினும் சிறந்த வகுப்பறை யாது?

பூகோளப் பயிற்சியை வளர்க்க 1926 இலேயே சென்னையிற் பூகோளச் சங்கம் தோன்றியது. எனினும், இன்றும் பள்ளிச் சுற்றுலா பெரும்பாலும் நீராடி மீள்வதோடு முடிகின்றது. அதனை மூன்று படியாக அமைக்கலாம். முதலாவது, புறப்படுமுன் மாணாக்கர் தம் ஊரிலிருந்து அருவிவரை படம் வரைந்து, ஆறுகளையும் குளங்களையும் அதிற் குறித்தல். இரண்டாவது, அருவிக்கரையிற் காற்றின் திசை, முகில் தங்குமிடம், நீரின் நிறம் ஆகியவற்றை நோக்கி எழுதுதலும், வந்தோர் எவ்வூரினர், விற்கும் பழங்கள் எங்கு விளைந்தன என வினவி அறிதலும். மூன்றாவது, மீண்டபின் வகுப்பில் அவற்றை ஒப்பிட்டுக் காரணம் காணுதல். விதியை ஆசிரியர் முதலிற் கூறாது, மாணாக்கரே இறுதியிற் கண்டு கூறுமாறு விடுத்தல் நன்று.

இது தேர்வுக்கு மட்டும் உரிய பயனன்று. 2024 ஆம் ஆண்டு மே 17 ஆம் நாள் பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பெருகிப் பதினேழு வயது மாணவன் ஒருவனை அடித்துச் சென்றது. அவன் உயிர் நீத்தான். அவனைக் குறைகூறுதல் எம் கருத்தன்று. நொடியில் வரும் வெள்ளத்தின்முன் அறிந்தோரும் அகப்படுவர். ஆயினும், நாம் நிற்குமிடத்து வெயில் காய்ந்தாலும் மலையுச்சியிற் பெய்த மழை சிறுபொழுதில் நம்மேல் இறங்கும் என்பதும், நீர் கலங்குதலும் சருகும் சுள்ளியும் மிதந்து வருதலும் ஓசை மிகுதலும் உடனே கரையேறுக என்னும் எச்சரிக்கை என்பதும் ஒவ்வொரு சிறுவனும் அறிந்திருக்கற்பாலன. நீர் பிடிக்கும் மலைப்பரப்பு என்னும் பாடம், ஏட்டிலிருந்தால் இரண்டு மதிப்பெண். நெஞ்சிலிருந்தால் ஓர் உயிர்.

நம் கல்லூரியினின்று ஆண்டுதோறும் பலர் ஆசிரியராய்ச் செல்கின்றனர். அவர்கள் சாரலடிக்கும் வேளையிற் சன்னலைத் திறந்துவைத்துப் பாடந் தொடங்குவாராக.