‘ம்’ என்றால் சம்மதமா?



உன் கடிதம் கிடைத்தது. படிப்பை முடித்த கையோடு, பேச்சினாலேயே இயங்கும் செயலிகளை வடிவமைக்கும் வேலையில் நீ அமர்ந்ததும், முதற்பணியாக ஒரு மருத்துவமனைக்கு, நோயாளிகள் தொலைபேசியில் பேசியே டாக்டரைப் பார்க்க நேரம் குறித்துக்கொள்ளும் ஏற்பாட்டைத் தமிழில் அமைக்கப்போவதும் அறிந்து மிகவும் சந்தோஷப்பட்டேன். முதலில் எந்தப் புத்தகத்தை வாசிப்பது என்று கேட்டிருந்தாய். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து, பரீட்சையோடு நீ மறந்துவிட்ட நன்னூலை எடுத்து, அதில் வினாவையும் விடையையும் பற்றிச் சொல்லும் பகுதியை நிதானமாகப் படி என்பதே என் பதில்.

13ஆம் நூற்றாண்டில் அந்நூலை இயற்றிய பவணந்தி முனிவர், வினாவை ஆறு வகையாகவும் விடையை எட்டு வகையாகவும் பகுத்தார். சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் கேட்ட கேள்விக்கு நேரே வரும் விடைகள். ஏவல், வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்னும் மற்ற ஐந்தும், வெளிப்பார்வைக்கு வேறு எதையோ சொல்வதுபோல் தோன்றினாலும், கேட்டவனுக்கு வேண்டிய பொருளைத் தந்துவிடுவதால் விடையென்றே கொள்ளத்தக்கவை என்பது அவர் கருத்து. இந்தப் பகுப்பை உன் தொழிலின் அஸ்திவாரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

உன் யந்திரம், ‘நாளைக் காலை பத்து மணிக்கு வர முடியுமா?’ என்று கேட்பதாக வைத்துக்கொள். அவசரமாக அமைத்தவன் ‘முடியும்’, ‘முடியாது’ என்னும் இரண்டு விடைகளுக்கு மட்டும் வாசல் வைத்திருப்பான். மறுமுனையில் இருக்கும் பெரியவரோ, ‘நேத்தே ஊருக்கு வந்துட்டேனே’ என்பார். அது உற்றது உரைத்தல். ‘அந்த வெயில்ல வந்தா மயக்கம் வந்துடும்’ என்பார். அது உறுவது கூறல். ‘சாயங்காலம் வர்றேன்’ என்றால் இனமொழி. ‘என் மகனைக் கேளுங்க’ என்றால் ஏவல். ‘வராம இருப்பேனா?’ என்று அவர் கேட்டுவிட்டாலோ யந்திரத்தின் பாடு பெரும் திண்டாட்டமாகிவிடும். ஏனெனில் அந்த வாக்கியத்தில் இருக்கும் மறுப்புச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு அது நேரத்தை ரத்து செய்துவிடும், அவரோ முழு மனத்தோடு சம்மதம் சொல்லிவிட்ட நிம்மதியில் தொலைபேசியை வைத்துவிடுவார். வினாவிலும் இப்படித்தான். ‘நாளைக்கு டாக்டர் இருக்காரா?’ என்று ஒருவர் கேட்டால், அவர் செய்தி அறிந்துகொள்ளக் கேட்கவில்லை. நேரம் வேண்டித்தான் கேட்கிறார். நன்னூலார் கொளல் வினா என்றது இதைத்தான். ‘இருக்கிறார்’ என்று மட்டும் பதில் சொல்லி மௌனமாகிவிடும் யந்திரம், சொற்களைக் கேட்டதே தவிர மனிதரைக் கேட்கவில்லை.

இனி, நான் இன்றும் வருத்தத்தோடு நினைக்கும் ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். பல வருஷங்களுக்கு முன், ஒரு நிறுவனத்துக்காக நாங்கள் அமைத்த பக்திப் பாடல் சேவையில், மாதச் சந்தாவுக்குச் சம்மதமா என்று யந்திரம் கேட்கும். ‘ஆமாம்’, ‘சரி’, ‘ஓகே’ என்பவற்றோடு ‘ம்’ என்பதையும் சம்மதச் சொற்களின் வரிசையில் சேர்த்திருந்தோம். மூன்று மாதம் பணம் பிடிக்கப்பட்ட பிறகு, ஒரு பாட்டியின் பேரன் வந்து காரணம் கேட்டபோது, பதிவை எடுத்துக் கேட்டோம். யந்திரம் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மையார், கதை கேட்கும் குழந்தை ‘ம்’ கொட்டுவது போல, வாக்கியத்துக்கு வாக்கியம் ‘ம்’, ‘ம்’ என்று கொட்டிக்கொண்டே வந்திருந்தார். ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன், சொல்லம்மா’ என்று ஒரு யந்திரத்துக்குக்கூட அவர் காட்டிய மரியாதை அது. அந்த மரியாதையை நாங்கள் கையெழுத்தாக மாற்றிவிட்டோம். ஆகையால் தம்பி, பணமோ உடம்போ சம்பந்தப்பட்ட இடத்தில், என்ன செய்யப்போகிறோம் என்பதை முழுதாகத் திருப்பிச் சொல்லி, அதன் பிறகு ஒரு தெளிவான சொல்லைப் பெற்றாலன்றி எதையும் செய்யாதே. தொடுதிரையில்லாத சாதாரணக் கைபேசியிலிருந்தும் தொலைபேசி அழைப்பின் வழியே பணம் அனுப்பும் வசதி ‘யுபிஐ 123பே’ என்ற பெயரில் 2022இல் நம் நாட்டில் வந்துவிட்டபடியால், இது இனிமேல் சின்ன விஷயமில்லை. ரகசிய எண்ணை மட்டும் எக்காலத்திலும் வாயால் சொல்லச் சொல்லாதே. அதைக் கைவிரல் அழுத்தட்டும்.

மௌனத்தைப் பற்றி நீ நிறைய யோசிக்க வேண்டும். பத்து மொழிகளின் சம்பாஷணைகளை ஒப்பிட்டு 2009இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, ஒருவர் கேள்வியை முடிப்பதற்கும் மற்றவர் பதிலைத் தொடங்குவதற்கும் உள்ள இடைவெளி சராசரியாக ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான் என்று கண்டது. இதை வாசித்துவிட்டு, யந்திரமும் அவ்வளவு துரிதமாகப் பாய வேண்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் மனிதன் அவ்வளவு சீக்கிரம் பேசத் தொடங்குவது, எதிரே பேசுபவரின் வாக்கியம் எங்கே முடியும் என்பதை முன்கூட்டியே உணர்ந்துகொள்வதால்தான். யந்திரமோ பெரும்பாலும், சப்தம் நின்றுவிட்டால் பேச்சும் முடிந்துவிட்டது என்று எண்ணிக்கொள்கிறது. பதிவு எண்ணைச் சொல்லத் தொடங்கும் ஒருவர் ‘ஆயிரத்து’ என்று சொல்லி, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து சீட்டைப் பார்த்து, பிறகு ‘ஐந்நூத்தி இருபது’ என்பார். அதற்குள் யந்திரம் ஆயிரம் என்று எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குத் தாவியிருக்கும். தமிழோ இந்த இடத்தில் நமக்கு எவ்வளவு பெரிய உபகாரம் செய்திருக்கிறது பார்! எண் முடிந்துவிட்டால் ‘ஆயிரம்’, ‘நூறு’, ‘இருபது’. இன்னும் வர இருக்கிறது என்றால் ‘ஆயிரத்து’, ‘நூற்று’, ‘இருபத்து’, அல்லது பேச்சு வழக்கில் ‘நூத்தி’, ‘இருபத்தி’. சொல்லின் வாலே ‘பொறு’ என்று சொல்கிறது. அந்த வாலைக் கவனிக்கும்படி உன் யந்திரத்தைப் பழக்கினால், வேறு எந்த அலங்காரமும் இல்லாமலே அது பொறுமையுள்ளதென்று பெயரெடுக்கும். ‘அஞ்சாறு நாளா இருமல்’ என்பதை ஐந்தென்றோ ஆறென்றோ ஐம்பத்தாறென்றோ எழுதிக்கொள்ளாமல், ஏறக்குறைய என்ற பொருளில் கொள்ளவும் அதற்குக் கற்பித்துவிடு.

காதுக்குப் பக்கம் திருப்பும் வசதி கிடையாது. ஆகவே ஒன்பது வசதிகளை வரிசையாக ஒப்பிக்காதே. மூன்றுக்கு மேல் போனால் முதலில் சொன்னது மறந்துபோகும்.

யந்திரம் எந்தத் தமிழில் பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். நான் எழுதுகிற இந்த நடையில் வேண்டாம். ‘தாங்கள் உள்ளீடு செய்த விவரம் தவறானது’ என்னும் வாக்கியத்தில் இரண்டு குற்றங்கள் இருக்கின்றன. யாரும் வாயால் பேசாத சொற்களால் ஆனது என்பது ஒன்று, தன் செவியின் குறையைப் பேசியவர் தலையில் கட்டுகிறது என்பது மற்றொன்று. ‘எனக்குச் சரியாகக் கேக்கல, இன்னொரு தடவை சொல்லுங்க’ என்பது போதும். இரண்டாம் முறையும் கேட்காவிட்டால் அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லாமல், ‘நாளைக்கா, நாளன்னைக்கா?’ என்று கேள்வியைச் சுருக்கிக் கேள். மூன்றாம் முறையும் தவறினால் ஒரு மனிதரிடம் அழைப்பைக் கொடுத்துவிடு. மனிதர் வரும் வழியை ஒளித்துவைக்கும் சேவைகளைக் கண்டிருக்கிறேன். நோயாளியை அப்படி அலைக்கழிப்பது பாவம்.

இதையெல்லாம் மென்பொருளாக எழுதுவதற்கு முன் சோதித்துப் பார்க்க ஒரு பழைய உபாயம் உண்டு. 1983இல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஐபிஎம் ஆராய்ச்சியாளர்கள், சொல்லச் சொல்ல எழுதும் தட்டச்சு யந்திரம் ஒன்று உண்டானால் ஜனங்கள் அதை எப்படிப் பயன்படுத்துவார்கள் என்று அறிய, அப்படி ஒரு யந்திரம் இல்லாத காலத்திலேயே, வேறோர் அறையில் ஒரு தட்டச்சரை உட்காரவைத்து, யந்திரமே எழுதுவதுபோல் காட்டிப் பரீட்சித்தார்கள். நீயும் ஒரு நண்பனை அடுத்த அறையில் உட்காரவைத்து, யந்திரத்தின் வசனங்களை மட்டும் அவன் வாசிக்கும்படி செய்து, பத்துப் பேரைப் பேசவிட்டுப் பார். சோதனை முடிந்ததும் அவர்களிடம் உண்மையைச் சொல்லிவிடு. அந்தப் பத்துப் பேரும் உன் அலுவலகத்து நண்பர்களாக இருந்துவிடக் கூடாது. அமெரிக்காவில் ஐந்து பெரிய நிறுவனங்களின் பேச்சறியும் மென்பொருள்களை ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட முடிவுகளின்படி, வெள்ளையர் பேச்சில் நூறு சொற்களுக்குச் சராசரியாக 19 பிழைகள் நேர்ந்தபோது, கறுப்பினத்தவர் பேச்சில் 35 பிழைகள் நேர்ந்தன. யாருடைய குரலைக் கொண்டு பழக்கவில்லையோ அவருடைய குரலில் யந்திரம் தடுமாறுகிறது. நாகர்கோயில் பேச்சும் கோயம்புத்தூர்ப் பேச்சும், பல் விழுந்த முதியவரின் உச்சரிப்பும், காய்ச்சலில் ஈனஸ்வரமாக வரும் குரலும் உன் பதிவுகளில் இருக்கின்றனவா என்று பார். உன்னுடையது மருத்துவமனை என்பதை மறவாதே.

அடுத்த மாதம் ஊருக்கு வரும்போது, வெற்றிகரமாக முடிந்த அழைப்புகளை எனக்குப் போட்டுக் காட்ட வேண்டாம். பாதியில் வைக்கப்பட்ட அழைப்புகளை, அவரவர் சம்மதத்தோடு பதிவானவற்றை மட்டும், எடுத்து வா. இருவரும் உட்கார்ந்து கேட்போம்.