கணக்கை முதலில் கதையாகச் சொல்லட்டும்

“வள்ளி 45 கிலோ காப்பிப் பழம் பறித்தாள். இது செல்வி பறித்ததைவிட 12 கிலோ அதிகம். செல்வி பறித்தது எவ்வளவு?” ஏற்காட்டுத் தோட்டங்களைப் பார்த்து வளரும் பிள்ளைக்குக் காப்பிப் பழம் புதிதல்ல. ஆனாலும் பல பிள்ளைகள் 57 என்பார்கள். விடை 33. ‘அதிகம்’ என்றால் கூட்டல், ‘மீதி’ என்றால் கழித்தல் என்று நாம் சொல்லித்தரும் குறுக்குவழிதான் இங்கே காலை வாரிவிடுகிறது. கப்பலில் 26 செம்மறி, 10 வெள்ளாடு இருந்தால் கேப்டனின் வயது என்ன என்று பிரான்சில் 1980 வாக்கில் சிறுவர்களிடம் கேட்டபோது, பெரும்பாலோர் அந்த எண்களைக் கொண்டே ஒரு விடையை எழுதினார்கள். எண்ணைக் கண்டதும் கை ஓடிவிடுகிறது, கதையை யாரும் படிப்பதில்லை.

ஆகவே எண்களை விரலால் மறைத்துவிட்டு, “யார் அதிகம் பறித்தது?” என்று மட்டும் கேளுங்கள். வள்ளி என்று பிள்ளை சொன்னதும், நீளமாக ஒரு கோடும் அதன் கீழே குட்டையாக ஒரு கோடும் போடச் சொல்லி, பிறகு எண்களைத் திறந்துவிடுங்கள். பரீட்சையில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்பீர்கள். கோடு போட அரை நிமிடம் போதும். தப்பாகப் போட்ட கணக்கை அழித்துத் திருத்தத்தான் அதிக நேரம் பிடிக்கும். வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு நீங்களே கணக்கை வாசித்துக் காட்டலாம், தவறில்லை. வாசிப்பு, கணக்கு இரண்டிலுமே பிள்ளை தடுமாறினால் எது கணக்குக் குறை, எது வாசிப்புக் குறை என்று பிரித்தறிய முடியாது. விடை வந்ததும், “செல்வி வள்ளியைவிடக் குறைவாகத்தானே பறித்திருக்கிறாள்?” என்று கோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.